டபிள்யூ. எம். ஸ்டெப் என்று ஒருவர் இல்லை

அத்தைக்கு அது இன்றைக்கும் பிடில்தான். வயலின் என்று அவர் வாயால் சொல்லி நான் கேட்டதே இல்லை. எனக்கோ பள்ளிக்கூடத்தில் ரோம் எரிந்தபோது நீரோ மன்னன் வாசித்த சமாச்சாரமாகத்தான் அந்தச் சொல் அறிமுகம். நீரோ காலத்தில் பிடிலே கிடையாது, அது பிறக்க இன்னும் ஆயிரத்தைந்நூறு வருஷம் இருந்தது என்பதெல்லாம் பின்னால் தெரிந்தது. அதனால் பிடில் என்றால் கொஞ்சம் மட்டமான சொல், வயலின் என்றால் மரியாதை என்று ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தேன். அமெரிக்காவின் கென்டக்கி மலைக்காரர்களுக்கும் அது பிடில்தான் என்று தெரிந்த பிறகு அந்த நினைப்பு போய்விட்டது. மரம் ஒன்றுதான், வில் ஒன்றுதான். யார் கையில் இருக்கிறது, எதற்காக வாசிக்கிறார்கள் என்பதில்தான் பெயர் மாறுகிறது.

நான் சொல்ல வந்தது அந்தக் கென்டக்கி மலையிலிருந்து வந்த ஒரு மெட்டைப் பற்றி.

சில வருஷங்களுக்கு முன் நண்பர் ஒருவருடன் காரில் மகாபலிபுரம் போய்க்கொண்டிருந்தேன். அவருக்கு மேற்கத்திய ஆர்கெஸ்ட்ரா பித்து. முட்டுக்காடு தாண்டும்போது ஒன்றைப் போட்டார். தடதடவென்று குதிரை ஓடுவதுபோல் ஆரம்பித்து, ஒரு இடத்தில் வயலின்கள் எல்லாம் சேர்ந்து ஒரு மெட்டைப் பிடித்துக்கொண்டு சுழற்ற ஆரம்பித்தன. அமெரிக்க இசையமைப்பாளர் ஏரன் காப்லாண்ட் எழுதிய 'ரோடியோ' என்ற பாலேயின் கடைசிப் பகுதி, 'ஹோ-டவுன்' என்று பெயர் என்றார். "என்னமா எழுதியிருக்கான் பார்!" என்று ஸ்டியரிங்கைத் தட்டினார். எனக்கும் அப்படித்தான் தோன்றியது. காப்லாண்ட் எழுதினார், அவ்வளவுதான் என்று விட்டிருப்பேன். ஆனால் அந்த மெட்டில் ஏதோ ஒன்று எழுதியதுபோல் இல்லை. வாசித்து வாசித்துத் தேய்ந்ததுபோல் இருந்தது. விரல் போகிற வழியிலேயே மெட்டும் போகும் என்பார்களே, அது. வீட்டுக்கு வந்து தேட ஆரம்பித்தேன்.

தேடியபோது கிடைத்த பெயர் டபிள்யூ. எம். ஸ்டெப்.

மெட்டின் பெயர் 'போனபார்ட்ஸ் ரிட்ரீட்', அதாவது போனபார்ட் (நெப்போலியன்தான்) பின்வாங்கியது. 1937 அக்டோபரில், கிழக்குக் கென்டக்கியில் மகோஃபின் கவுண்டியிலுள்ள சாலியர்ஸ்வில் என்ற சின்ன ஊரில் ஸ்டெப் இதைத் தன்னந்தனியாக வாசித்தார். பதிவு செய்தவர் ஆலன் லோமாக்ஸ். அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்தின் நாட்டுப்பாடல் காப்பகத்தைக் கவனித்துக்கொண்டிருந்தவர். அப்போது அவருக்கு வயது 22. கல்யாணம் ஆன அதே வருஷம், மனைவி எலிசபெத்தையும் ஒலிப்பதிவு யந்திரத்தையும் வண்டியில் ஏற்றிக்கொண்டு கென்டக்கி மலைப்பாதைகளில் ஏறி இறங்கினார். அந்த யந்திரம் இப்போதுபோல் சட்டைப்பையில் அடங்குகிற சாமான் இல்லை. ஓடுகிற தட்டில் ஊசி நேராக வரி வெட்டும். வெட்டிய இடத்திலிருந்து நூல்நூலாகச் சீவல் எழும்பும், அதைத் துடைத்துக்கொண்டே இருக்க வேண்டும். தட்டில் இடம் தீர்ந்தால் பாட்டும் தீர்ந்தது.

ஸ்டெப்புக்கு அப்போது 62 வயது. 1875இல் பிறந்தவர். நான் முதலில் கேட்டபோது, அடுப்பில் கடுகு பொரிகிற மாதிரி ஒரு தட்டுச் சத்தம், அதற்கு நடுவில் வில் விழுந்தது. விழுந்த முதல் நொடியிலேயே காருக்குள் கேட்ட அதே மெட்டு. அதே திருப்பம், அதே சுழற்சி. நாற்பது ஐம்பது பேர் சேர்ந்து வாசித்ததை இவர் ஒரே ஆளாக, நாலே தந்தியில் வாசித்துக்கொண்டிருந்தார். காப்லாண்ட் அந்த மெட்டைத் தழுவி எழுதினார் என்று சொல்வது மரியாதைக்கான பேச்சு. ஏறக்குறைய ஸ்வரத்துக்கு ஸ்வரம் எடுத்து வைத்திருக்கிறார்.

இதில் இன்னொரு விஷயம் இருக்கிறது. மற்ற பிடில்காரர்கள் வாசித்த 'போனபார்ட்ஸ் ரிட்ரீட்'டைக் கேட்டால் ஹோ-டவுன் ஞாபகமே வராது. அது மெதுவான நடை. தோற்றுப் போன படை, தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு பனியில் நடந்து வருகிற மாதிரி. ஜார்ஜியாவைச் சேர்ந்த ஏ. ஏ. கிரே 1924இல் இதை இசைத்தட்டில் வாசித்திருக்கிறார். அதைக் கேட்டால் இழவு வீட்டு வாசலில் நிற்கிற உணர்வுதான் வரும். அடியில் ஒரு தந்தி விடாமல் ரீங்கரித்துக்கொண்டே இருக்கும், காற்றுப்பையை அமுக்கி ஊதுகிற பைப் வாத்தியம்போல. போர்க்களத்து பைப்பைத்தான் பிடிலில் கொண்டுவரப் பார்க்கிறார்கள்.

ஸ்டெப் அந்த ஒப்பாரியை எடுத்து ஓட விட்டார். மலைக்கிராமத்தில் ராத்திரி முழுக்க ஆடுகிற கூட்டத்துக்கு என்ன வேகம் வேண்டுமோ அந்த வேகம். பின்வாங்குகிற போனபார்ட்டைக் குதிரையில் ஏற்றித் துரத்திவிட்டார் என்று வையுங்கள். காப்லாண்ட் கிரேயைப் பிடித்திருந்தால் ஹோ-டவுன் என்ற ஒன்றே வந்திருக்காது. ஆயிரம் பேர் வாசித்த மெட்டு என்பது உண்மைதான். ஆனால் உலகம் இன்று கேட்பது அந்த ஆயிரம் பேருடையதை அல்ல. ஒரு ஆள், ஒரு நாள், ஒரு தடவை வாசித்ததை.

சரி, சாலியர்ஸ்வில்லிலிருந்து அது நியூயார்க்குக்கு எப்படிப் போயிற்று? நடுவில் ஒரு பெண்மணி இருக்கிறார். ரூத் க்ராஃபோர்ட் சீகர். பாடகர் பீட் சீகருக்குச் சிற்றன்னை. ஆனால் அப்படிச் சொல்லி அறிமுகப்படுத்துவது அவருக்கு நியாயம் இல்லை. 1931இல் அவர் எழுதிய தந்திவாத்திய நால்வர் இசையை இன்றைக்கும் நவீன இசைக்காரர்கள் மதித்து வாசிக்கிறார்கள். அப்பேர்ப்பட்டவர் சொந்த இசையை ஓரங்கட்டி வைத்துவிட்டு, லோமாக்ஸ் கொண்டுவந்த தட்டுகளைத் திரும்பத் திரும்பச் சுழலவிட்டுக் கேட்டு, ஒவ்வொரு மெட்டையும் ஸ்வரப்படுத்தி எழுதினார். தந்தையும் மகனுமாக ஜான் லோமாக்ஸும் ஆலன் லோமாக்ஸும் 1941இல் வெளியிட்ட 'அவர் சிங்கிங் கன்ட்ரி' தொகுப்புக்கு அவர்தான் இசைப் பதிப்பாசிரியர்.

மெட்டை எழுதுவது எவ்வளவு கஷ்டம் என்று கேட்பவர்கள், நம் பக்கத்துக் கச்சேரிப் பதிவு ஒன்றை எடுத்து ஒரே ஒரு ஆவர்த்தனத்தை எழுதிப் பாருங்கள். எந்தச் சறுக்கலை ஸ்வரமாகக் கணக்கு வைப்பது, எதை விடுவது, தாளத்துக்கு முன்னால் விழுந்ததைத் தாளத்தில் போடுவதா, விழுந்த இடத்திலேயே போடுவதா? முதல் பக்கம் முடிவதற்குள் பேனாவை வைத்துவிடுவோம். சீகர் விழுந்த இடத்திலேயே போடுகிற கட்சி. 'இதுதான் மெட்டு, மற்றதெல்லாம் பிசிறு' என்று சீவித் தள்ள அவருக்கு மனசு வரவில்லை. இந்த வேலையைப் பற்றி அவர் எழுதிய நீண்ட முன்னுரைக்கு அந்தத் தொகுப்பில் இடம் போதவில்லை. அது தனிப் புத்தகமாக வந்தது 2001இல். அவர் இறந்தது 1953இல்.

அந்தக் கறாரினால்தான் ஸ்டெப்பின் கை தாளில் அப்படியே இறங்கியது. பொதுவான ஒரு 'போனபார்ட்' அந்தப் பக்கத்தில் இல்லை. ஸ்டெப்புடைய போனபார்ட் இருந்தது. காப்லாண்ட் மெட்டை எடுத்ததும் அங்கிருந்துதான். 1942 அக்டோபர் 16 அன்று மெட்ரோபாலிட்டன் ஓபரா ஹவுஸில் 'ரோடியோ' அரங்கேறியது. நடனம் அமைத்த அக்னஸ் டி மில் தானே பிரதான வேடத்தில் ஆடினார். முடிந்ததும் கைதட்டலுக்காக 22 தடவை திரையைத் தூக்கினார்களாம். தூக்கத் தூக்க ஸ்டெப்பின் மெட்டுக்கும் தட்டினார்கள். அவர் பெயர் யாருக்கும் தெரிந்திருக்க நியாயமில்லை.

அதற்கப்புறம் நடந்தது வேடிக்கை. கென்டக்கி மலைக்கும் மாடு மேய்க்கிற மேற்குச் சமவெளிக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. ஆனால் 'ரோடியோ' கௌபாய் கதை. ஆகவே மெட்டும் கௌபாய் மெட்டாகிவிட்டது. 1972இல் எமர்சன், லேக் அண்ட் பாமர் என்ற ராக் குழு அதை மின் ஆர்கனில் அடித்து நொறுக்கியது. 1992இல் அமெரிக்க மாட்டிறைச்சி வியாபாரிகளின் தொலைக்காட்சி விளம்பரத்துக்குப் பின்னணியாயிற்று. (இந்தக் கடைசித் தகவலை அத்தையிடம் சொல்லவில்லை.) இன்னொரு கிளையில், மெதுவான பழைய மெட்டுக்குப் பீ வீ கிங் என்பவர் காதல் வரிகள் போட, கே ஸ்டார் 1950இல் அதைப் பாடிப் பிரபலப்படுத்தினார்.

இப்போது அந்தப் பெயருக்கு வருகிறேன். டபிள்யூ. எம். ஸ்டெப் என்று நூலகத்துப் பதிவில் இருந்தது. அப்படி ஒருவர் இல்லை. அவர் வில்லியம் ஹாமில்டன் ஸ்டெப். இனிஷியல் போட்டால் டபிள்யூ. எச். என்றுதான் வர வேண்டும். எம் எங்கிருந்து வந்தது? ஆங்கிலத்தில் வில்லியம் என்பதைச் சுருக்கி முதல் எழுத்தையும் கடைசி எழுத்தையும் மட்டும் எழுதுகிற வழக்கம் உண்டு, டபிள்யூவும் எம்மும். அந்தச் சுருக்கத்தை யாரோ இரண்டு இனிஷியலாக வாசித்துவிட்டார்கள் என்பது என் ஊகம். நம் ரேஷன் கார்டில் நடக்காத கூத்தா! ஊரில் அவரைப் பிடில்கார பில் ஸ்டெப் என்றார்கள். 1957இல் காலமானார். அவர் வாசிப்பு இன்று அமெரிக்காவின் தேசிய ஒலிப்பதிவுப் பட்டியலில் ஏறிப் பாதுகாக்கப்படுகிறது.

மெட்டின் மூலம் என்ன என்று கேட்பவர்களுக்கு நான் இதுவரை சொன்னது பாதிதான். ஸ்டெப்புக்கு முன்னால்?

சாமுவேல் பேயார்ட் என்று பென்சில்வேனியாவில் ஒரு ஆராய்ச்சியாளர் இருந்தார். ஆயுசு முழுக்கக் கிராமத்துப் பிடில்காரர்களிடமும் குழல்காரர்களிடமும் மெட்டுச் சேகரித்தவர். 'மெட்டுக் குடும்பம்' என்ற சிந்தனையை வளர்த்தவர்களில் முக்கியமானவர். மெட்டுகளுக்கும் வம்சம் உண்டு, அண்ணன் தம்பி, சித்தப்பா பெரியப்பா மக்கள் என்று கிளை பிரிந்து போகும் என்பது சாரம். இந்த மெட்டின் வேரை அவர் அயர்லாந்துக்குக் கொண்டுபோனார். 'கழுகின் சீழ்க்கை' என்று பொருள்படும் ஒரு பழைய அணிவகுப்பு மெட்டு இருக்கிறது, அதன் வழிதான் இது என்றார். இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்டேன். கல்யாண வீட்டில் யாரோ ஒரு கிழவரைக் காட்டி "இவர் உனக்குத் தூரத்துத் தாத்தா" என்பார்களே, நாமும் மூக்கைப் பார்த்துத் தலையாட்டுவோமே, அந்த மாதிரி இருந்தது. சாயல் இருக்கிறது. பத்திரத்தில் கையெழுத்துப் போடச் சொன்னால் நான் போடமாட்டேன்.

ஆனால் அயர்லாந்து என்பதில் சந்தேகப்பட ஒன்றுமில்லை என்று தோன்றுவதற்குக் காரணம் மெட்டு அல்ல, பெயர். கென்டக்கி மலைக்காரனுக்கு நெப்போலியன்மேல் என்ன பாசம்? ஒரு மெட்டு மட்டுமல்ல, 'போனபார்ட் ஆல்ப்ஸைக் கடக்கிறான்', 'போனபார்ட் ரைனைக் கடக்கிறான்' என்று வரிசையாக இருக்கின்றன. வாட்டர்லூவில் ஜெயித்தவர் ஆங்கிலேயத் தளபதி வெலிங்டன், ஆனாலும் தோற்றவன் பெயரில்தான் இத்தனை மெட்டு. அயர்லாந்துக்காரர்களுக்கு ஆங்கிலேயனின் எதிரி யாராயிருந்தாலும் சொந்தக்காரன். 1796இல் பிரெஞ்சுக் கப்பல்கள் பான்ட்ரி வளைகுடாவரை வந்து, புயலில் கரையிறங்க முடியாமல் திரும்பின. 1798இல் ஒரு பிரெஞ்சுப் படை கில்லாலாவில் இறங்கியே விட்டது, ஆனால் தோற்றது. அடுத்த முறை போனபார்ட்டே வருவான் என்று காத்திருந்த ஜனங்கள் அவர்கள். அவன் மாஸ்கோவிலிருந்து பின்வாங்கினால் இவர்கள் வீட்டில் துக்கம். அந்தத் துக்கத்தைக் கப்பலில் ஏற்றி அமெரிக்கா கொண்டுவந்தார்கள், மலைமேல் ஏறினார்கள், பேரன் காலத்தில் காரணம் மறந்தது. பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டிருந்தது.

இவ்வளவும் படித்த பிறகு சும்மா இருக்க முடியவில்லை. வாசித்துப் பார்க்க வேண்டும் என்று கை அரித்தது. எனக்கு வர்ணம் பதினைந்து, கீர்த்தனை ஒரு இருபது தெரியும், அதற்கு மேல் கேட்காதீர்கள். இந்த மெட்டுக்குச் சுருதி சேர்ப்பதே தனி மாதிரி. மேற்கே சாதாரணமாக ஜி, டி, ஏ, ஈ என்று சேர்ப்பார்கள். இதற்காக அந்த மலைப் பிடில்காரர்கள் தடித்த தந்தியை டிக்கு இறக்குகிறார்கள், மெல்லிய தந்தியையும் ஈயிலிருந்து டிக்கு இறக்குகிறார்கள். ஆக டி, டி, ஏ, டி. படித்ததும் சிரிப்பு வந்தது. என் வயலின் இரண்டு கட்டைச் சுருதியில் இருப்பது. இரண்டு கட்டை என்றால் டிதான். அவர்கள் விசேஷமாகப் பிரடையைத் திருகி இறக்குகிற தடித்த தந்தி எனக்குத் தினமும் அங்கேதான் கிடக்கிறது.

ஆனால் மற்ற மூன்றையும் நான் மேலே ஏற்ற வேண்டியிருந்தது. நம் வழியில் ச, ப, ச, ப. அவர்கள் வழியில் ச, அதற்கு ஒரு ஸ்தாயி மேலே ச, அப்புறம் ப, அப்புறம் மேல் ச. இரண்டாவது ஏறியது. மூன்றாவது முனகிக்கொண்டே ஏறியது. நாலாவதை ஏற்றும்போது, பழைய தந்தி, பட்டென்று அறுந்து என் கட்டை விரலில் கோடு போட்டது. சத்தம் கேட்டு அத்தை அடுக்களையிலிருந்து எட்டிப் பார்த்தார்.

"எதுக்குடா அதைப் போட்டு அந்த முறுக்கு முறுக்குற?"

"ஒரு அமெரிக்கா பாட்டு அத்தை. சுருதி வேற மாதிரி சேர்க்கணும்."

"எப்படி?"

சொன்னேன். கையைப் புடவைத் தலைப்பில் துடைத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தார். பெட்டியிலிருந்து புதுத் தந்தி எடுத்துக் கோத்து, பிரடையைப் பொறுமையாக ஏற்றி, நாலு தந்தியையும் வில்லால் ஒரு தடவை தடவினார். வீட்டில் அந்த மாதிரி ஒரு நாதம் கேட்டதில்லை. மூன்று சட்ஜம், நடுவில் ஒரே ஒரு பஞ்சமம்.

"தம்புரா மாதிரின்னா இருக்கு" என்றார்.

கேட்டால் அதேதான். தம்புராவில் ப, ச, ச, ச. இதில் இடம் மாறியிருக்கிறது, சரக்கு ஒன்றுதான். பைப்பின் ரீங்காரத்தைப் பிடிக்க அவர்கள் போன வழியும் சுருதி நிற்க வேண்டும் என்று நாம் போன வழியும் ஒரே இடத்தில் போய் நிற்கின்றன. கைப்பேசியில் ஸ்டெப்பைப் போட்டேன். கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். இரண்டாம் முறை போடச் சொன்னார்.

"சங்கராபரணம். இங்கிலீஷ் நோட்டு. ஆனா இவன் வில்லை எடுக்கவே மாட்டேங்கிறானே!"

இங்கிலீஷ் நோட்டு என்று அவர் சொன்னதற்குப் பின்னால் ஒரு பெரிய கதை இருக்கிறது. முத்துசுவாமி தீட்சிதரும் தம்பி பாலுசுவாமி தீட்சிதரும் மணலி ஜமீனில் இருந்த காலத்தில் சென்னைக் கோட்டையில் ஐரோப்பிய பாண்டு வாத்தியம் கேட்டார்கள். தம்பி பிடிலைக் கற்றுக்கொண்டு கர்நாடக சங்கீதத்துக்குக் கொண்டுவந்தார். அண்ணன் அந்த மெட்டுகளுக்கு சம்ஸ்கிருதத்தில் சாகித்யம் செய்தார். நோட்டுஸ்வரங்கள் என்று ஏறக்குறைய 40 இருக்கின்றன. அதில் 'வந்தே மீனாக்ஷி' என்பது 'ரேக்ஸ் ஆஃப் மாலோ' என்ற அயர்லாந்து மெட்டு. மாலோ என்பது கார்க் கவுண்டியில் ஒரு ஊர். 18ஆம் நூற்றாண்டில் ஊற்றுநீருக்காகப் பணக்காரர்கள் கூடுகிற இடம். அங்கே குடித்து, ஆடி, ஜன்னல் கண்ணாடியை உடைத்துத் திரிந்த மைனர்களைப் பற்றிய பாட்டு அது. அத்தையிடம் ஐந்து வயசுக் குழந்தைகள் கையைக் கட்டிக்கொண்டு மீனாட்சி அம்மன்மேல் பாடுவது அந்த மைனர்கள் மெட்டைத்தான்.

சொன்னதும் அத்தை நம்பவில்லை. கைப்பேசியில் அயர்லாந்துக்காரர்கள் வாசிப்பதைப் போட்டுக் காட்டினேன். நாலு ஸ்வரம் போனதும் வாய்க்குள் பாட ஆரம்பித்துவிட்டார். பிறகு நிறுத்தி, "தீட்சிதர் கேட்டது யார் வாசிச்சு?" என்றார்.

"கோட்டையில பாண்டுக்காரங்க."

"அவனுக்குப் பேர் இருந்திருக்குமில்ல?"

நான் ஒன்றும் சொல்லவில்லை. ஸ்டெப்பை இன்னொரு தடவை போட்டேன். அத்தை அதே சுருதியில், வில்லை எடுக்காமல் வாசிக்க முயன்று பார்த்தார். முதல் வரி வந்தது. இரண்டாவது வரியில் விரல் பழக்கதோஷத்தில் பஞ்சமம் தேடிப் போய் சட்ஜத்தில் விழுந்தது. நாக்கைக் கடித்துக்கொண்டார். சாயங்காலம் பிள்ளைகள் பாடத்துக்கு வரும் நேரம். பிரடையைத் திருகி மூன்று தந்தியையும் பழையபடி இறக்கிச் சேர்த்துவிட்டு, தடித்த தந்தியை மட்டும் தொடாமல் விட்டார்.

"அது அங்கேயே இருக்கட்டும். அவனுக்கும் அதானே சட்ஜம்."